குரலில் தோண்டிய குழி

ஒரே பாடத்துக்கு ஒருவர் நான்கு போட்டிருந்தார், இன்னொருவர் இரண்டு. ஐந்துக்கு. தேர்ச்சி பெற இருவரிடமும் குறைந்தது மூன்று வாங்கியிருக்க வேண்டும்.

துறைத் தலைவரின் அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒற்றைத் தாளை மண் மேடம் இரண்டு முறை படித்தார். தாள் படபடத்துக்கொண்டே இருந்ததால் இரண்டாம் முறை கட்டைவிரலால் அதன் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடங்களாக மண் இயக்கவியலும் அடித்தளப் பொறியியலும் நடத்துகிறவர். அந்தப் பெயர் மாணவர்கள் வைத்தது. முதல் இரண்டு வருடம் கேலியாக இருந்தது. இப்போது ஆய்வகத்துத் தொலைபேசி அடித்தால் அவரே "மண் மேடம் பேசுறேன்" என்றுதான் எடுப்பார்.

"என்ன சார் இது? ஒரே ஆளு, ஒரே இருபது நிமிஷம். ஒருத்தருக்கு விருந்து மாதிரி இருந்திருக்கு, இன்னொருத்தருக்கு வாந்தி வந்திருக்கு."

"எனக்கும் புரியல மேடம்," என்றார் தலைவர். "எனக்கு ரெண்டு பேருமே மூணுதான் போட்டாங்க. அதுவும் நடுவுல நடுவுல இருமித்தான் சமாளிச்சேன். வார்த்தை வரலைன்னா ஒரு இருமல்."

அடுத்த பருவத்திலிருந்து மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். ஏழெட்டு நாடுகளிலிருந்து மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள். அதற்காக ஒவ்வொரு விரிவுரையாளரும் பல்கலைக்கழக மொழி மையத்தில் இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் அறையில் உட்கார்ந்து கேட்பார். இன்னொருவர் வேறு ஊரில் இருந்தபடி ஒலிப்பதிவை மட்டும் கேட்பார். இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவே இரண்டு புள்ளி இடைவெளி வந்தால் மூன்று வாரத்துக்குள் மறுதேர்வு. அதில் வருவதே முடிவு.

தலைவரின் மேசைக்குப் பின்னால் அடுத்த பருவத்தின் கால அட்டவணை ஒட்டியிருந்தது. எல்லாப் பெயர்களும் மையில் இருந்தன. அடித்தளப் பொறியியலுக்கு நேராக மட்டும் பென்சிலில் 'மண் மேடம்' என்றும், அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு பெயரும் இருந்தன. அந்த இன்னொருவரைத் துறையில் ஸ்லைடு என்பார்கள். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து வந்த இளைஞர். இரண்டு மதிப்பீட்டாளர்களும் அவருக்கு ஐந்து போட்டிருந்தார்கள். நல்லவர், மரியாதையானவர். புரொஜெக்டர் அணைந்தால் பேச்சும் அணைந்துவிடும், அது ஒன்றுதான்.

"பாடத்தை அவர்கிட்ட கொடுத்தா குழி என்னாகும் சார்?"

தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். குழி என்பது ஆய்வகத்தின் பின்பக்கம் ஒவ்வொரு வருடமும் பருவத்தின் இரண்டாம் வாரத்தில் மேடம் தோண்ட வைப்பது. மூன்று மீட்டர் ஆழம், படிப்படியாக. மாணவர்கள் நாலு நாலு பேராக இறங்கி, மணல் எங்கே முடிகிறது, களிமண் எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் கசிகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். இந்தப் பதினெட்டு வருடத்தில் அதில் இறங்காமல் யாரும் மூன்றாம் ஆண்டைத் தாண்டியதில்லை.

"போன வருஷக் குழியோட போட்டோ இருக்குன்னு சொல்றார் மேடம். ரொம்பத் தெளிவான போட்டோ. பெருசாக்கிக் காட்டலாமாம்."

"களிமண்ணைப் பெருசாக்கினா விரல்ல ஒட்டுமா சார்?"

"என்னை ஏன் மேடம் முறைக்கிறீங்க? நீங்களும் ஸ்லைடு போட்டுப் பேசிடுங்களேன். எல்லாம் எழுதியே இருக்கும். பார்த்துப் படிச்சா போதும்."

"ஸ்லைடுல குழி தோண்டினபடியே வந்து நிக்கும். பலகையில வரைஞ்சாத்தான் அது அவங்க கண்ணு முன்னாடி தோண்டப்படும். முதல்ல தரை, அப்புறம் சுவர், அப்புறம் மண்ணு, அப்புறம் தண்ணி. வரிசை மாறினா சைட்டுல ஆளு புதைஞ்சிடுவான் சார்."

எழுந்தபோது பென்சிலில் இருந்த இரண்டு பெயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழிக்கிற ரப்பர் கைல இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொழி மையம் நூலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே முதன்மை மதிப்பீட்டாளரை வளாகமே மார்க்கம்மா என்று அழைத்தது. மேடத்தின் வயதுதான் இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். படிக்கும்போது போட்டுக்கொள்வார், ஆளைப் பார்க்கும்போது கழற்றிவிடுவார். அறையில் உட்கார்ந்து நான்கு போட்டவர் அவர்தான்.

"சண்டைக்கு வந்தீங்களா, சந்தேகம் கேக்க வந்தீங்களா?"

"அதைப் பதில் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். அந்த ரெண்டு மார்க் போட்ட புண்ணியவான் யாரு? காது கேக்குமா அவருக்கு?"

"காது மட்டும்தான் மேடம் அவருக்கு. கண்ணை நாங்களே வேணும்னு கட்டி வெச்சிருக்கோம். ஆளோட முகம், வயசு, நிறம், உடை எதுவும் மார்க்கைத் தொடக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. எனக்கு உங்களைப் பிடிச்சுப்போய் நான் நாலு போட்டிருக்கலாம் இல்லையா?"

"பிடிச்சுதா?"

"பிடிச்சுது. அதான் பிரச்சினை." கணினியைத் தட்டி ஒரு பதிவை எடுத்தார். "நியாயப்படி இதை உங்களுக்குப் போட்டுக் காட்டலாம். மூணு நிமிஷம் கேளுங்க. ஒரு நிபந்தனை. கண்ணை மூடிக்கணும்."

மேடம் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். தன் குரல் ஆங்கிலத்தில் வந்தது. நிதானமான, தெளிவான குரல். 'இது இங்கிருந்து தொடங்கி இப்படிக் கீழே போகிறது.' அதன் பின் சாக்பீஸ் கீச்சிடும் சத்தம். 'இப்போது இங்கே பாருங்கள், இது இருக்கிறது அல்லவா, இது இதைத் தள்ளும்.' மறுபடி கீச்சு. நீண்ட நேரம் கீச்சு. பலகையில் இரண்டு தட்டு. 'ஆகவே என்ன ஆகும்? இது இப்படி வரும்.' யாரோ ஆச்சரியத்தில் ம்ம் என்கிறார்கள். 'பார்த்தீர்களா? மிகவும் ஆபத்து.'

மேடம் கண்ணைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாத சிரிப்பு. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எது ஆபத்துன்னு எனக்கே தெரியல."

"ஏழு நிமிஷம் பத்து விநாடி சாக்பீஸ் சத்தம்னு அவர் குறிப்பு எழுதியிருக்கார். மத்தபடி இலக்கணம், வேகம் எல்லாத்துக்கும் நல்லாவே போட்டிருக்கார். 'என்ன விளக்குகிறார் என்று தெரியவில்லை'ங்கிற ஒரு வரிதான் உங்களைக் கவுத்துடுச்சு."

"தப்பில்லை. ரெண்டு கொஞ்சம் தாராளம்தான்."

மார்க்கம்மா கண்ணாடியைக் கழற்றினார். இந்த நாற்காலியில் இதுவரை அழுதவர்கள் உண்டு, அமைச்சரைத் தெரியும் என்றவர்கள் உண்டு. தனக்குக் குறைத்துப் போட்டவரை ஒத்துக்கொண்டு எழுந்தவர் யாரும் இல்லை.

"மறுதேர்வுக்கு வேற தலைப்பு எடுத்துக்கலாம் மேடம்."

"எதுக்கு? அதே குழி, அதே கட்டடம். மூணு வாரத்துல வரேன்."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர் முதலில் தட்டைக் கழுவி வைத்தார், பிறகு கையைத் துடைத்தார், பிறகுதான் பேசினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தரையிலிருந்து முப்பத்தைந்து மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"இவ்வளவுதானா? எங்க தொழிலே இதுதானே, வாத்தியாரம்மா."

"உங்க தொழில் பெட்டி தூக்குறது."

"கப்பல் வயித்துக்குள்ள இறக்குறப்ப எனக்கு என்ன தெரியும்னு நினைக்கிறே? ஒண்ணும் தெரியாது. கீழே ஒருத்தன் வாக்கிடாக்கியில சொல்லுவான். அவன் குரல்தான் எனக்குக் கண்ணு. நாலு நாட்டு ஆளுங்க, எல்லாருக்கும் பொதுவா நாற்பது இங்கிலீஷ் வார்த்தை. அதை வெச்சுத்தான் இருபது டன்னை இறக்குறோம். அவன் 'இது இங்க வருது'ன்னு சொன்னா அன்னிக்கே நாலு பேருக்கு மாலை போடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சாப்பாட்டு மேசையில் பயிற்சி தொடங்கியது. கணவர் மேடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய வரைபடத் தாள் ஒன்றின் பின்பக்கத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். மேடம் ஆங்கிலத்தில் சொல்வார், அவர் வரைவார். ஆறு மீட்டர் ஆழக் குழி. பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் மண்ணைத் தடுத்து நிறுத்த இரும்புத் தகடுச் சுவர். சுவர் குழிக்குள் சாயாமல் இருக்கக் குறுக்கே இரண்டு முட்டு. கட்டடத்துக்கு அடியில் மணல், மணலுக்கு அடியில் களிமண். குழியிலிருந்து தண்ணீரை இறைத்தால் கட்டடம் ஏன் குழியைப் பார்த்துச் சாய்கிறது என்பதுதான் பாடம்.

பத்து நிமிடம் கழித்துத் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இது என்னது?"

"நீ சொன்னதுதான்."

"செருப்பு மாதிரி இருக்கு."

"அப்ப நீ செருப்பைத்தான் சொல்லியிருக்கே. கையைக் கட்டிக்கோ. நான் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கேன், நீ பின்னாடி காத்துல வரைஞ்சுக்கிட்டு இருக்கே. வளையல் சத்தம் கேக்குது."

அவர் சொன்ன விதிகள் அதிகமில்லை. முதலில் பொருளின் பெயர், அடுத்து இடம், கடைசியில் அளவு. பொருள் நகர்கிற வரை குரல் நிற்கக் கூடாது. குரல் நின்றால் கிரேன் நிற்கும். கேட்டவன் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் ஸ்டாப் என்று சொல்லலாம். காரணத்தை அதற்கு அப்புறம் சொன்னால் போதும்.

"இன்னொண்ணு. இடது, வலதுன்னு சொல்லாதே. எங்க ஊருக் கிரேன்ல இடது வலதே கிடையாது. கடல் பக்கம், கரைப் பக்கம், அவ்வளவுதான். நீ எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் கடல் இடம் மாறாது பாரு."

"என் பலகையில கடலுக்கு எங்க போறது? இடது வலது தெரியாதவளா நான்? விடுங்க."

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் இஸ்திரிப் பெட்டி கேட்டு இறங்கி வந்தவர், கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி, 'இறக்கு, இறக்கு, ஸ்டாப்'னு படிக்கட்டு வரைக்கும் சத்தம். அண்ணன் ஏணியில நிக்கிறாரோன்னு பயந்துட்டேன்."

"உங்கண்ணன் குழியில நிக்கிறார். வா, நீயும் உட்காரு. இந்தா தாளு."

"எனக்கு ஏது அண்ணி அவ்வளவு இங்கிலீஷ்?"

"அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன்."

நாத்தனார் தையல்காரி. அளவுகளைத் தொலைபேசியில் கேட்டு எழுதியே பழகிய கை. அரை மணி நேரத்தில் அவர் வரைந்தது அண்ணன் வரைந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. குழி குழியாகவும் கட்டடம் கட்டடமாகவும் இருந்தன.

"கட்டடத்துக்கு ஜன்னல் யாரு வைக்கச் சொன்னது?" என்றார் கணவர்.

"ஜன்னல் இல்லாம எப்படிண்ணா குடியிருப்பாங்க? பொறாமைப்படாதே."

மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஜன்னலைத் தவிர, சொல்லாதது எதுவும் அதில் இல்லை. சொன்னது எதுவும் விடுபடவும் இல்லை. போதும் என்று தாள்களை மடித்தார்.

மறுதேர்வு நாளில் மொழி மையத்தின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மார்க்கம்மா கடைசி வரிசையில். முதல் வரிசையில் மாணவர்களாக நடிக்க இரண்டு விரிவுரையாளர்கள்: சட்டத்துறையிலிருந்து வந்த வக்கீல் சார், உயிரியல் துறைப் பெண் ஒருவர். இருவர் கையிலும் ஆளுக்கொரு உறை. பாடத்தின் நடுவே கேட்க வேண்டிய கேள்விக்கான குறிப்பு அதற்குள். மேசை மேல் தீப்பெட்டி அளவில் ஒலிப்பதிவுக் கருவி, சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்," என்றார் மேடம். "பலகையில நான்தான் வரையணும்னு விதி இருக்கா?"

மார்க்கம்மா கண்ணாடியைப் போட்டு விதிகளைப் புரட்டினார். "பலகையைப் பயன்படுத்தலாம்னு இருக்கு. சாக்பீஸ் யார் கையில இருக்கணும்னு போடலை."

"அப்ப வக்கீல் சார் எழுந்து வரட்டும்."

"நானா? எனக்கு நேர்கோடே வராது மேடம். கேஸையே கோணலாத்தான் நடத்துவேன்."

"கோடு கோணலா இருக்கலாம் சார். இடம் சரியா இருந்தாப் போதும். நான் சொல்றதை மட்டும் வரைங்க. சொல்லாததை வரையாதீங்க. ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லிட்டு வரைங்க, அதுவும் இங்கிலீஷ்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. மேடம் பலகைக்கு முதுகைக் காட்டி, வகுப்பைப் பார்த்து நின்றார். பலகை துடைக்கும் டஸ்டரை இரண்டு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது சும்மா இருக்கும்.

தரைக்கோட்டில் தொடங்கினார். பலகையின் குறுக்கே, பாதி உயரத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. வக்கீல் சார் திருப்பிச் சொன்னார், வரைந்தார். பலகையின் இடது ஓரத்தில் கட்டடம், மூன்று மாடி. அதிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, தரையிலிருந்து கீழ்நோக்கி இரும்புச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குழி, ஆறு மீட்டர். ஒவ்வொன்றும் எதற்காக அங்கே இருக்கிறது என்பதை, கோடு இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிக்கொண்டு போனார். சாக்பீஸ் கீச்சிட்ட நேரமெல்லாம் அவர் குரலும் இருந்தது. முதல் முட்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் கீழே, இரண்டாவது முட்டு நான்கு மீட்டர் கீழே. முட்டில்லாத சுவர், காலில்லாத நாற்காலி என்றார். உயிரியல்காரர் சிரித்தார். கட்டடத்தின் அடியில் மணல், மணலின் அடியில் களிமண்.

அடுத்து நீர்மட்டம். இறைப்பதற்கு முன்னால் கட்டடத்துக்கு அடியில் தண்ணீர் எங்கே நின்றது என்பது. பாடம் சூடு பிடித்திருந்தது. சுவருக்கு வலப்பக்கம், தரையிலிருந்து இரண்டு மீட்டர் கீழே, புள்ளிப்புள்ளியாக ஒரு கோடு என்றார்.

"சுவருக்கு வலப்பக்கம். இரண்டு மீட்டர் கீழே. புள்ளிக்கோடு," என்று திருப்பிச் சொன்னார் வக்கீல் சார். நாலைந்து புள்ளி வைத்த சத்தம் கேட்டது. பிறகு தயங்கி, அதே ஆங்கிலத்தில், "குழிக்குள்ளேயா?" என்றார்.

"ஸ்டாப்," என்றார் மேடம்.

சாக்பீஸ் நின்றது. உயிரியல்காரரின் பேனா நின்றது. மார்க்கம்மா தலையைத் தூக்கினார். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. தன் வலது தோளைக் குனிந்து பார்த்தார். அந்தத் தோளுக்குப் பின்னால்தான் கட்டடம் இருந்தது. அவருக்கு வலது. பலகையைப் பார்த்து நிற்கிறவருக்கு இடது. ஐந்து விநாடி போயிருக்கும். குழிக்குள்ளே, வெற்று வெளியில், நாலைந்து புள்ளித் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

கடல் பக்கம், கரைப் பக்கம். விடுங்க என்று சொன்னது தான்தான் என்பதும் ஞாபகம் வந்தது.

"தவறு என்னுடையது, உங்களுடையது அல்ல," என்றார் ஆங்கிலத்தில், அதே குரலில், அதே வேகத்தில். "நான் உங்களைப் பார்த்து நிற்கிறேன். என் வலது பலகையின் இடது. இனி இந்தப் படத்தில் இடது, வலது இல்லை. கட்டடப் பக்கம், குழிப் பக்கம், இரண்டு மட்டும்தான். அந்தப் புள்ளிகளை அடித்துவிடுங்கள். நீர்மட்டம் சுவருக்குக் கட்டடப் பக்கம், தரையிலிருந்து இரண்டு மீட்டர் கீழே."

"கட்டடப் பக்கம். இரண்டு மீட்டர் கீழே."

"வேலை நடக்கும் இடத்திலும் இப்படித்தான் செய்ய வேண்டும். ஒருவர் நின்ற திசையை வைத்துப் பேசினால் இன்னொருவர் தவறான பக்கம் தோண்டுவார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்."

உயிரியல்காரர் உண்மையாகவே குறித்துக்கொண்டார். நடிப்பு என்பதை மறந்துவிட்டிருந்தார்.

பிறகு தண்ணீரை இறைத்தார்கள். குழிப் பக்கம் பம்பு ஓடியது. கட்டடப் பக்கம் நீர்மட்டம் இறங்க இறங்க, அதுவரை தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த பாரம் மண் மேல் ஏறியது. களிமண், ஆள் உட்கார்ந்த பஞ்சு மெத்தையாக மெதுவாக அமுங்கியது. சுவருக்குப் பக்கத்தில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் அமுங்கியதால் கட்டடம் குழியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. வக்கீல் சார் பழைய கட்டடத்தின் மேலேயே சாய்ந்த கட்டடத்தையும் வரைந்தார்.

வரைந்து முடித்ததும் அவருக்கு உறை ஞாபகம் வந்தது. பிரித்துப் பார்த்தார். அதில் 'பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கவும்' என்று மட்டும் இருந்தது. கேள்வியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

"அந்தத் தண்ணீரைத் திருப்பி ஊற்றினால் கட்டடம் நிமிர்ந்துவிடுமா?"

மேடத்தின் முகம் மலர்ந்தது. பதினெட்டு வருடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி; அது வராவிட்டால் பாடம் புரியவில்லை என்று அர்த்தம். நிமிராது என்றார். மெத்தை எழுந்துகொள்ளும், களிமண் எழுந்துகொள்ளாது. மிகக் கொஞ்சம்தான் திரும்பி வரும். திருப்பி ஊற்றுகிற தண்ணீர் மேற்கொண்டு சாயாமல் காப்பாற்றும், சாய்ந்ததை நிமிர்த்தாது. ஆகவே பம்பைப் போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

இருபது நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் திரும்பிப் பலகையைப் பார்த்தார். கோடுகள் எல்லாம் கோணல். சுவர் அலையலையாக இறங்கியது. இரண்டு முட்டும் இருந்தன. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"சார், கேஸையும் இப்படியே நடத்துங்க."

"நீங்க பின்னாடி நின்னு சொன்னீங்கன்னா நடத்தலாம் மேடம்."

வெளியே வரும்போது மேடத்தின் முதுகில் இரண்டு வெள்ளைக் கையச்சு இருந்ததை உயிரியல்காரர்தான் தட்டிவிட்டார்.

எட்டு நாள் கழித்து மார்க்கம்மாவே துறைக்கு வந்தார். வழக்கமாக முடிவுகள் மின்னஞ்சலில்தான் போகும். தலைவரின் அறையில் மின்விசிறிக்குக் கீழே நின்றபடி உறையை நீட்டினார். அறையில் நான்கு, ஒலிப்பதிவில் நான்கு. உச்சரிப்புக்கு மட்டும் வேறு ஊர்க்காரர் மூன்று போட்டிருந்தார். "அது சரி, அது பிறந்ததிலிருந்து அப்படித்தான்," என்றார் மேடம்.

தலைவர் மேசை இழுப்பறையைத் திறந்து ரப்பரைத் தேடினார். ஸ்லைடின் பெயரை அழித்தார். மேடத்தின் பெயர் மேல் மையை ஓட்டினார்.

"உறைக்குள்ள இன்னொரு தாள் இருக்கு," என்றார் மார்க்கம்மா. "இந்த ஒன்பது வருஷத்துல அந்த வேற ஊர்க்காரர் இப்படி எதுவும் அனுப்பினதில்லை."

வீட்டில் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்தார் மேடம். கோடு போட்ட தாள். அதில் கறுப்புப் பேனாவில் ஒரு தரைக்கோடு, மூன்று மாடிக் கட்டடம், சுவர், குழி, மணல், களிமண். குழிக்குள் நாலைந்து புள்ளிகள் வைத்து, அடித்து, கட்டடப் பக்கம் புதிதாகப் புள்ளிக்கோடு போட்டிருந்தார். பழைய கட்டடத்தின் மேல் சாய்ந்த கட்டடம். அடியில் சிறிய எழுத்தில் இரண்டு வரி: 'கேட்டுக்கொண்டே வரைந்தேன். பலகையைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. சரியா என்று விரிவுரையாளர்தான் சொல்ல வேண்டும்.'

கணவர் கண்ணாடியை மாட்டி, தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பார்க்காமலே வரைஞ்சிருக்கான். இந்த ஆளை எங்க கிரேன்ல ஏத்தலாம்."

"நல்லாப் பாருங்க."

அவர் மறுபடி பார்த்தார். "ஒரு முட்டுதான் இருக்கு."

"ஆமா."

"நீ ரெண்டு சொன்னியா?"

"சொன்னேன். வக்கீல் சார் ரெண்டு போட்டிருந்தாரே."

"அப்ப இவன் தப்பு."

"இவர் தப்பு," என்று திருத்தினார் மேடம். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நான்கு மீட்டர் ஆழத்தில், இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன வட்டம் போட்டார். 'இரண்டாவது முட்டு எங்கே? சுவர் உள்ளே விழும்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். தாளின் வலது மேல் மூலையில் மதிப்பெண் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்தார்.

"எவ்வளவு?" என்றார் கணவர்.

"நாலு."

நாளைக் காலை மார்க்கம்மாவிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும் என்று தாளை உறையில் போட்டுவிட்டு, குழி தோண்டும் வண்டிக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆய்வகத்தின் பின்பக்கம், பருவத்தின் இரண்டாம் வாரம், மூன்று மீட்டர் என்றார். எந்தப் பக்கம் மேடம் மண்ணைக் கொட்டணும் என்று மறுமுனை கேட்டது.

"நூலகத்துப் பக்கம்," என்றார் மேடம். "திருப்பிச் சொல்லுங்க."